தரை வண்டு என்ன தின்னும்? ஆய்வகத்திலிருந்து சில கேள்விகள்

வயல் தரையில் ஓடித் திரிந்து இரை தேடும் தரை வண்டுகளைப் பற்றி இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலும் முதுகலை மாணவர்களின் கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வயலில் பிடித்த வண்டுகளை ஒரே டப்பாவில் விட்டேன். காலையில் பாதி வண்டுகளுக்குக் கால் இல்லை, சிலவற்றுக்குத் தலையே இல்லை. நோயா?

நோயில்லை, பசி. ஒன்றையொன்று தின்றிருக்கின்றன. ஒரு டப்பாவுக்கு ஒரு வண்டுதான். வண்டு பிடிக்க மண்ணில் புதைத்து வைக்கும் குழிப்பொறியிலேயே இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும். அதனால் பொறிக்குள் சருகு போட்டு, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈர மண், ஒளிய ஒரு ஓட்டுத்துண்டு, நனைத்த பஞ்சு போதும். மண்ணைப் பிடித்தால் உருண்டையாக வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. தீனி இல்லாமல் பல நாள் தாங்கும் வண்டு, ஈரம் இல்லாவிட்டால் சீக்கிரமே செத்துவிடும்.

தினமும் பூனைத் தீனி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், உலகம் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள். ஊறவைத்து, பயறு அளவுக்குக் கிள்ளிப் போடுங்கள். மிச்சத்தை மறுநாளே எடுக்காவிட்டால் பூஞ்சையும் சிலந்திப்பேனும் குடியேறிவிடும். நடுநடுவே மாவுப்புழு, ஈயின் கூட்டுப்புழு கொடுங்கள். ஆனால் இது வண்டை உயிரோடு வைக்கும் தீனி. எதை, எவ்வளவு தின்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு முன் 24 முதல் 48 மணி நேரம் வரை தண்ணீர் மட்டும் கொடுத்து, எல்லா வண்டுகளையும் ஒரே அளவு பசிக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம், சோதனையை இருட்டில் வையுங்கள். இவற்றில் பல இரவாடிகள். குழல்விளக்கின் கீழே மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் வண்டைப் பார்த்து 'தின்னவில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

பயிர்ச்சாற்றை உறிஞ்சும் அசுவினியை மட்டும் கொடுத்தேன். முதலில் நன்றாகத் தின்றது, பிறகு தொடவே இல்லை. ஏன்?

தரை வண்டுக்கு அசுவினி அவ்வளவு நல்ல சாப்பாடு இல்லை. அதை மட்டுமே கொடுத்து வளர்த்தால் முட்டை குறையும். பல இனங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். தனக்கு என்ன குறைகிறது என்பது வண்டுக்குத் தெரிகிறது போலும். 2005-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்து வைத்த தரை வண்டுகள், பிறகு தாமே தேர்ந்தெடுக்க விட்டபோது புரதத்தின் பக்கம் போயின. புரதம் தின்றவை கொழுப்பைத் தேடின.

ஆக, 'ஒரு நாளில் இத்தனை அசுவினி தின்றது' என்ற எண்ணை அப்படியே ஏக்கருக்குப் பெருக்காதீர்கள். ஆய்வேடுகளில் நான் அடிக்கடி பார்க்கும் கணக்கு இது, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். வேறு வழியில்லாத டப்பாவில் பசித்த வண்டு எதைத் தின்ன முடியும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. வயலில் எதைத் தின்கிறது என்பது வேறு கேள்வி.

குடலை அறுத்துப் பார்த்தேன், வெறும் கூழ்தான் இருந்தது. இரையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பல தரை வண்டுகள் இரையின் மேல் செரிமானச் சாற்றை உமிழ்ந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றின் குடலில் இறக்கை, கால் துண்டு என்று தேடினால் கிடைக்காது. மென்று விழுங்கும் இனங்களில் மட்டும் நுண்ணோக்கியில் ஏதாவது தேறும். மற்றவற்றுக்கு, டி.என்.ஏ. துணுக்கைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையில் இரையின் டி.என்.ஏ.வைத் தேட வேண்டும். சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வண்டு கொன்று தின்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா? அசுவினியைத் தின்ற சிலந்தியை வண்டு தின்றிருந்தால்? பொறிக்குள் தன்னோடு விழுந்த பூச்சியைத் தின்றிருந்தால்? இது எதையும் டி.என்.ஏ. பிரித்துச் சொல்லாது.

ஆய்வகம் உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். தெரிந்த இரையை ஊட்டி, குறிப்பிட்ட மணி நேரங்களுக்கு ஒருமுறை சில வண்டுகளை உறையவைத்து, டி.என்.ஏ. எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பாருங்கள். அது தெரியாமல் வயல் மாதிரிகளுக்கு விளக்கம் சொல்வது வீண்.

களை விதைகளைத் தின்னுமா?

ஹார்பாலஸ் போன்ற தரை வண்டு வகைகள் நன்றாகவே தின்னும். எடை வைத்து அளப்பதானால், வண்டு இல்லாத ஒரு தட்டையும் கூடவே வையுங்கள். விதை ஈரத்தை இழுத்து எடை கூடிவிடும்.

பாம்பார்டியர் வண்டைக் கையில் எடுக்கலாமா?

வேண்டாம். பின்புறத்திலிருந்து கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் குவினோன் என்ற எரிச்சலூட்டும் வேதிப்பொருளைப் பீய்ச்சும் தரை வண்டு வகை இது. தோலில் பழுப்புக் கறை ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சிறு குப்பியைக் கவிழ்த்துப் பிடியுங்கள். பீய்ச்சிய வண்டை அன்றே சோதனைக்கு எடுக்காமல் ஓய்வு கொடுங்கள்.