பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பெரிய டயரும் லிஃப்டும் போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி இது: முப்பது வருடம் ஓடிய, லீஃப் ஸ்பிரிங் வைத்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி கைக்கு வந்திருக்கிறது. வேலையை வீட்டிலேயே பார்க்க ஆசை. 31 இன்ச் டயரும் 2 இன்ச் லிஃப்டும் (ஸ்பிரிங்கை மாற்றிப் பாடியை உயர்த்துவது) முதலில் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாமா?

வேண்டாம். வரிசையைத் தலைகீழாக்குங்கள். 28 இன்ச் டயர் இருந்த இடத்தில் 31 இன்ச் ஏற்றினால் விட்டம் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடும். அந்தப் பாரம் நேராக பிரேக், ஸ்டியரிங் ஜாயின்ட், வீல் பேரிங், ஆக்ஸில் ஷாஃப்ட் எல்லாவற்றின் தலையிலும் போய் விழும். இதுவரை ஒளிந்திருந்த தேய்மானம், வண்டி வேகமாகப் போகும்போதுதான் வெளியே வரும். ஆகவே கம்பெனியிலிருந்து வந்தபோது வண்டி எப்படி இருந்ததோ, முதலில் அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் ஒன்று கையில் இருக்கட்டும். டார்க் அளவும் (நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது) ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கனமும் வண்டிக்கு வண்டி மாறும். அந்த எண்களுக்கு மேனுவல்தான் கணக்கு.

அடியில் படுப்பதற்கு முன் ஒரு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது; ஸ்டாண்டு வேண்டும், தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை வேண்டும். லேண்ட் ரோவர் சீரிஸ் போன்ற பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) பின்னால், பின் ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் டிரம்தான் அது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கமாகச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கமாக உருளும். ஆக்ஸில் நடுவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் அதற்கு வழிவிடும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்திருந்தாலும் வண்டி நகரும்.

முதல் வேலை ஆயில். முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கையும் மாற்றுங்கள். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடான பிறகு, மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது கழன்றால்தான் கீழே டிரெயின் பிளக்கில் கை வைக்க வேண்டும். பல வருடம் தொடாத ஃபில்லர் பிளக் இறுகிப்போயிருக்கும். ஆயிலை வடித்துவிட்டு அப்புறம் அது வரவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வடிகிற ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற சில்லோ, பல்லின் வடிவம் தெரிகிற துண்டோ வந்தால் கவரைத் திறந்தே ஆக வேண்டும். பால் கலந்த காப்பி மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹைப்பாய்டு பல் கொண்ட ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டும். கியர்பாக்ஸுக்கு மேனுவல் ஜிஎல்-4 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5-ல் பல ஆயில்களின் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளுக்கு (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகவைக்கும் வளையங்கள்) ஒத்துக்கொள்ளாது, கியர் விழுவதும் முரண்டு பிடிக்கும். சில வண்டிகளில் கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் உள்ள சீல் போய்விட்டால் ஒன்றில் ஆயில் குறையும், மற்றொன்றில் கூடும். ஆகவே அளவு கூடியிருப்பதும் கோளாறின் அடையாளம்தான்.

ஆயில் சீல் ஒழுகுகிறதா? புது சீல் வாங்குவதற்கு முன் ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் பிரீதரைப் பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுக்குக்கூட வராத சின்ன உலோக மூடி, பெரும்பாலும் காய்ந்த சேறு மூடிக் கண்ணுக்கே தெரியாது. ஆக்ஸில் சூடாகும்போது உள்ளே காற்று விரிகிறது. பிரீதர் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். பின்பக்கம் அந்த ஆயில் நேராக பிரேக் ஷூவில் போய் ஊறும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றுகிறவர்கள் கொஞ்ச நாளில் அதே சீலை மறுபடி மாற்றுவார்கள். தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு இது இன்னும் முக்கியம். சூடான ஆக்ஸில் குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூடியைக் கழற்றிவிட்டு, அதே மரையில் பொருந்தும் ஹோஸ் நிப்பிள் போட்டு, ஆயிலுக்குத் தாங்கும் ரப்பர் குழாயை எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோங்கள். ஆக்ஸில் முழுதாகத் தொங்கும்போதும் குழாய் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுங்கள். மற்ற எந்த மாற்றத்தையும் விட இதை நான் முன்னால் வைப்பேன்.

பிரேக்கில் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிய நிலையில் அதன் தர வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கான் ஆயிலான டாட் 5-ஐ இதனோடு கலக்கவே கூடாது. காற்று எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்காதீர்கள். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் துரு பிடித்திருக்கும், சீல் அங்கே போனால் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும்.

ஒரு சக்கரம் மட்டும் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால் உடனே காலிப்பரை (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) வாங்கப் போகாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உப்பி, ஆயிலை ஒரு வழியாக மட்டும் விடும். சோதிப்பது சுலபம். பெடலை மிதித்து விட்டு, ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் மேல்முனையைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு அதற்கும் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அப்போது விடாமல் பிளீடர் திருகைத் திறந்ததும் விட்டால் ஹோஸ்தான். இரண்டிலும் விடவில்லையென்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. எப்படியும் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றுவது நல்லது. லிஃப்ட் போடும் எண்ணம் இருந்தால் அதற்கேற்ற நீளத்தில் இப்போதே வாங்கிவிடுங்கள்.

அடுத்து முன் ஆக்ஸில் முனைகள். நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய இடம் இது. டொயோட்டா லேண்ட் குரூசர் 40, சுசுகி சமுராய் போன்றவற்றில் முனையில் பளபளப்பான இரும்பு உருண்டை தெரியும். அதன் மேல் கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் நல்லது. கறுப்பாக, கூழ் மாதிரி வடிந்து சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருந்தால், ஆக்ஸிலின் உள் சீல் போய் கியர் ஆயில் கிரீஸோடு கலந்துவிட்டது. வெளியே இருக்கும் ஃபெல்ட் சீலை மட்டும் மாற்றினால் ஒழுகல் நிற்காது. ஹப், ஸ்பிண்டில், ஷாஃப்ட் எல்லாவற்றையும் கழற்றி உள் சீலை மாற்றி, உருண்டைக்குள் இருக்கும் ஜாயின்ட்டைக் கழுவி, மாலிப்டினம் டைசல்ஃபைடு சேர்ந்த கிரீஸை ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் அழுத்தி ஏற்றுங்கள். உருண்டைக்குள் முக்கால் பங்கு நிறைந்தால் போதும். கிங் பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) பேரிங்கையும் அதே கையோடு மாற்றுங்கள். எந்த ஷிம் மேலே, எந்த ஷிம் கீழே இருந்தது என்று பக்கவாரியாகத் தனித்தனிப் பையில் எழுதி வையுங்கள், கலந்துவிட்டால் ஷாஃப்ட்டின் மையம் தவறிவிடும். வெளிச் சீல் போடுவதற்கு முன் ஸ்பிரிங் தராசால் ஸ்டியரிங் ஆர்மை இழுத்து இறுக்கத்தைப் பார்ப்பதுதான் சரியான முறை.

வீல் பேரிங் இறுக்கும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி மெதுவாக இறுக்குங்கள். லாக் நட் போட்ட பிறகு மறுபடி சோதியுங்கள், ஏனென்றால் லாக் நட் இறுகும்போது உள் நட்டையும் தள்ளும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது; கையால் சுற்றினால் தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும்.

பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் வெறிபிடித்தது போல உதறினால், புது ஸ்டியரிங் டேம்பர் அதை மறைக்கும், தீர்க்காது. வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட, மற்றொருவர் கீழே ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் கையை வைத்துப் பார்க்கட்டும். டை ராட் முனை, டிராக் லிங்க், சேசிஸில் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடம், ஸ்பிரிங் புஷ், கிங் பின் என்று போனால் ஆட்டம் எங்கே என்று கைக்கே தெரிந்துவிடும்.

ஸ்பிரிங் ரப்பர் புஷ் மாற்றுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையை சேசிஸோடு இணைக்கும் ஆடும் பட்டை) போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, சக்கரம் தரையில் பட்டு வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது சரியாகப் பிடிக்காது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால், ஸ்லிப் ஜாயின்ட்டைப் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் இணைப்பு) பிரிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள். மாற்றிச் சேர்த்தால் இரண்டு முனை யோக்கும் (ஜாயின்ட்டைத் தாங்கும் கவை) வரிசை தவறி வண்டி அதிரும்.

கூலிங்கில் சுருக்கமாக: ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், ஹோஸ், பெல்ட் எல்லாம் புதிது போடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடு குறையும் என்பது தவறு. எஞ்சின் தேவையான வெப்பத்துக்கு வராமல் தேயும், ரேடியேட்டர் அடைப்பும் அப்படியே இருக்கும்.

பழைய வண்டியின் ஹெட்லைட் மங்கலாக இருப்பதற்கு பல்பு அநேகமாகக் காரணமில்லை. மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக மெல்லிய ஒயரில் சுற்றி வருகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். லைட் எரியும்போது பேட்டரி பிளஸுக்கும் பல்பு பிளஸுக்கும் நடுவில் மீட்டரை வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரிலே போடுங்கள். ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87-லிருந்து பல்புகளுக்கு, பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. 60/55 வாட் பல்பு இரண்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் சரி. அது பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பல்பின் எர்த்தை சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் கொடுங்கள்.

சேசிஸைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று ஒலிக்கிற இடம் நல்ல இரும்பு. சத்தம் செத்து விழுகிற இடத்தில் உள்ளே துரு. ஸ்பிரிங் ஹேங்கரைச் சுற்றியும் பின் குறுக்குக் கட்டையிலும் கூடுதலாகப் பாருங்கள். வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே மெழுகு ஸ்பிரே. ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே பூட்டி வைப்பதாகும். வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுங்கள். ஒட்டுத் தகட்டின் முனை சேசிஸுக்குக் குறுக்கே நேர்க்கோடாக நிற்காமல் சாய்வாக இருக்கட்டும், நேர்க்கோட்டில்தான் விரிசல் விழும்.

இத்தனையும் முடிந்தால் டயருக்கு வரலாம். டிஃபரன்ஷியலுக்குக் கீழே இடைவெளியைக் கூட்டுவது டயர் மட்டும்தான். 28-லிருந்து 31-க்குப் போனால் ஒன்றரை இன்ச், அதாவது 38 மி.மீ. கூடும். ஸ்பிரிங் லிஃப்ட் பாடியைத்தான் உயர்த்தும், ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். விலையாக, 4.10 ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்று) 3.70 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் கிளட்ச்சை எரிக்கத் தூண்டும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வேகம் 66 இருக்கும். பழைய இழுவை வேண்டுமென்றால் ஆக்ஸிலுக்குள் அந்த விகிதத்தைத் தரும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் 4.56-ல் தேவை, முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில். உங்கள் ஊர் பதிவு விதியும் காப்பீடும் டயர் அளவு மாற்றத்தை ஏற்குமா என்று வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

லிஃப்ட்டில் 50 மி.மீ. போதும் என்பது என் உறுதியான கருத்து. நீளமான ஷேக்கிள் மட்டும் போட்டு உயர்த்தினால் ஆக்ஸில் சாய்ந்து காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கும்போது கிங் பின்னின் சாய்வு) மாறும். காஸ்டர் குறைந்தால் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நேர் சாலையில் வண்டி அலையும். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் அதே ஆப்பு பினியன் கோணத்தையும் மாற்றும், முன் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டைப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் நீளம், பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே வந்து முட்டும் ரப்பர்), பிரேக் ஹோஸ், ஸ்லிப் ஜாயின்ட்டில் மிச்சமிருக்கும் பிடி எல்லாவற்றையும் ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டு ஒருமுறை, முழுதாக அமுக்கி ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

டிஃபரன்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிஃப் லாக் கடைசி. முன்பக்கம் லாக் போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முழு விசையும் ஒரே ஜாயின்ட்டில் இறங்கும். பெரிய டயரோடு அது உடையும் தருணம் அதுதான்.

வேலை முடிந்த வண்டியை முதலில் 20 கி.மீ. ஓட்டி நிறுத்தி, நான்கு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் பிடிக்கிறது. 100 கி.மீ.-ல் வீல் நட்டும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட்டும், 500 கி.மீ.-ல் யு போல்ட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீரில் இறங்கிய வண்டியானால், இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் நகர்த்துவதற்கு முன் ஆக்ஸில் டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்துங்கள். ஆயிலை விடக் கனமான தண்ணீர் அடியில் தங்கியிருக்கும். முதலில் வரும் சொட்டு தண்ணீரா ஆயிலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.