இன்ஜின் பிரித்த பிறகு கியர் தகராறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 1978 மாடல் புல்லட் 350, அப்பா ஓட்டிய வண்டி. கனெக்டிங் ராடு சத்தம் வந்ததால் இன்ஜினை முழுசாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், கிராங்க் வேலை எல்லாம் முடித்தாயிற்று. இன்ஜின் இப்போது தங்கம். கியர்தான் படுத்துகிறது. ஃபர்ஸ்ட் போட்டால் ‘கடார்’ என்று அடிக்கிறது. வண்டி சூடானதும் சிக்னலில் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது சில நேரம் நடுவில் தொங்கிக்கொண்டு இன்ஜின் மட்டும் அலறுகிறது. ஏற்காடு இறங்கும்போது செகண்ட் தானாகக் கழன்று வருகிறது, இது மட்டும் முன்பும் லேசாக இருந்தது. பழைய கியர்பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து கியர் பாக்ஸ் மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா சார்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். ஐந்து கியர் பாக்ஸ் மாட்டினாலும் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இதே கூச்சல்தான் போடும். “முன்பும் லேசாக இருந்தது” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. செகண்ட் கழல்வது பழைய நோய், மற்றதெல்லாம் புதுசு. புதுசாக வந்தவற்றுக்கு, இன்ஜினை வெளியே எடுக்க எதையெல்லாம் கழற்றினார்களோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த வண்டியில் கியர்பாக்ஸ் தனிப் பெட்டி, இன்ஜினின் அடிப் பெட்டியான கிராங்க் கேஸின் பின்னால் நான்கு ஸ்டட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் கிராங்க் கேஸைப் பிரிக்க வேண்டுமென்றால் இன்ஜின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பிரைமரி செயின், கிளட்ச் எல்லாம் இறங்கியே தீரும்.

ஃபர்ஸ்டில் அடிப்பதும் சூட்டில் நியூட்ரல் விழாததும் கிளட்ச் முழுசாக விடாததன் அடையாளம். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நியூட்ரலில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை அமுக்கிப் பாருங்கள். லேசாக இறங்கினால் கிளட்ச் பிளேட்டுகள் பிரிகின்றன, கம்ப்ரஷன் காலில் தட்டினால் பிரியவில்லை. கேபிள் லீவரில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் லூஸ் போதும். அதற்கு மேல் இருந்தால் வலது பக்கம் சின்ன மூடியைத் திறந்து, கிளட்சைத் தள்ளிப் பிரிக்கும் கம்பியான புஷ் ராடை அமுக்கும் ஸ்க்ரூவையும் லாக் நட்டையும் சரிசெய்யுங்கள். அப்படியும் விடவில்லையா? இடது பக்கம் கிளட்சையும் பிரைமரி செயினையும் மூடியிருக்கும் பிரைமரி கவரைத் திறக்க வேண்டியதுதான். ஃபுட்ரெஸ்டும் பிரேக் பெடலும் வழியை விட்டால் கவரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டுதான், அடியில் ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள். கிளட்ச் லீவரைப் பிடித்த நிலையிலேயே கேபிள் டையால் கட்டி வைத்துவிட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கி, ஸ்பிரிங்குகள் உட்கார்ந்திருக்கும் வெளித் தட்டான பிரஷர் பிளேட் சுழல்வதைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் அமுங்கியும் சுற்றினால் ஸ்பிரிங் ஸ்க்ரூக்களைச் சமமாக முடுக்கவில்லை என்று அர்த்தம். அமுங்கி நிற்கும் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்தித் தளர்த்திப் பாருங்கள், ஆட்டம் நின்றுவிடும். பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம். கவர் திறந்திருக்கும்போதே பிரைமரி செயினையும் பார்த்துவிடுங்கள். மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில்கூட கால் அங்குலம் ஆட்டம் இருக்க வேண்டும். புதுச் செயினை விறைப்பாகக் கட்டினால் மெயின் ஷாஃப்ட் பேரிங்தான் அழும். மூடும்போது ஆயிலை அளவாக ஊற்றுங்கள், கெட்டியான ஆயிலும் நிறைய ஆயிலும் பிளேட்டை ஒட்ட வைக்கும்.

அப்புறம் அந்த நடுவில் தொங்கும் கியர். வலது பக்கம் கியர்பாக்ஸ் கவரில், நீள ஓட்டைகளோடு இரண்டு ஸ்க்ரூ பிடித்த ஒரு தகடு இருக்கும். உள்ளே கியரை ஒவ்வொன்றாக மாற்றித் தள்ளும் ராட்செட் எவ்வளவு தூரம் நகரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கழற்றி மாட்டும்போது அது ஒரு நூல் நகர்ந்தாலும் கியர் பாதியில் நின்றுவிடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராக மேலும் கீழும் போட்டுப் பாருங்கள். ஸ்க்ரூவை லேசாகத் தளர்த்தி, தகட்டைத் துளி நகர்த்தி, முடுக்கி, மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் லீவர் ஒரே அளவு நகர்ந்து ராட்செட்டைப் பிடித்தால் சரி. குதிகாலால் அமுக்கும் நியூட்ரல் லீவர் இருக்கிறதே என்று இந்த வேலையைத் தள்ளிப் போடுகிறவர்கள் நிறைய. பாதி கோத்த கியரோடு ஓட்டினால் பல்தான் தேயும்.

இவ்வளவும் முடித்து ஒருமுறை மலை இறங்கிப் பாருங்கள். அப்போதும் செகண்ட் கழன்றால் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் உதவாது, பாக்ஸைத் திறந்தே ஆக வேண்டும். கியரின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் டாக் பற்களைப் பாருங்கள். அவற்றின் விளிம்பு கூராக இருக்க வேண்டும், பயன்படுத்திய சோப்புக் கட்டி மாதிரி மழுங்கிப் பளபளத்தால் ஆயுள் முடிந்தது. அதோடு கோக்கும் ஜோடிக் கியரையும் சேர்த்து மாற்றுங்கள், பணத்தை மிச்சம் பிடிக்க ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும். கியரைத் தள்ளி நகர்த்தும் கவையான செலக்டர் ஃபோர்க்கின் தேய்மானத்தையும் பாருங்கள். கசிகிறதே என்று பாக்ஸுக்குள் கெட்டி கிரீஸைத் திணிக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பல் ஓடும் பாதையை விட்டு அது ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும், ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ்கள் காய்ந்து போகும்.

கேள்வி: என் யெஸ்டி 250 இன்ஜினைப் பிரித்துக் கட்டியதிலிருந்து கியர் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. புகை மட்டும் பலமாக வருகிறது. பிஸ்டன் ரிங் போய்விட்டதா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ரிங்கை விடுங்கள். யெஸ்டியில் கிளட்ச், பிரைமரி செயின், கியர் எல்லாம் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. கிராங்கின் இடது பக்க ஆயில் சீல் பிடிக்கவில்லையென்றால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சிக் குடித்துப் புகையாக விடும். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் சந்தேகமே இல்லை. பழைய ஸ்டாக் ஒரிஜினல் சீல் என்று யாராவது நீட்டினால் மயங்காதீர்கள், யெஸ்டி செய்த மைசூர் ஆலை மூடியது 1996-இல், அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். சீல் மாற்றும்போது அதன் உதடு உட்காரும் இடத்தில் கிராங்க் ஷாஃப்ட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது சீலும் நிற்காது, முதலில் லேத்காரரிடம் காட்டுங்கள்.