தேய்த்தால் உருண்டு வரும் கிரீம் போலியா?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஏசி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். முகம் வறண்டுபோவதால், ‘ஈரத்தைப் பூட்டும் பாலிமர்’ என்று எழுதியிருந்த கிரீமைத் தி.நகரில் 799 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதன்மேல் சன்ஸ்கிரீன் தேய்த்தால், ரப்பரால் அழித்த துகள்போல் வெள்ளையாக உருண்டு வருகிறது. போலிச் சரக்கா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- வேளச்சேரி வாசகி

பதில்: இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அப்படி உருண்டு வருவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்தப் பாலிமரேதான்.

பரோட்டா மாஸ்டர் மாவு உருண்டைகள்மேல் எண்ணெய் தடவி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் மாவுக்கு ஈரம் தருவதில்லை. உள்ளே இருப்பதைக் காயவிடாமல் காக்கிறது. டைமெத்திகோன் போன்ற சிலிகோன் பாலிமர்களின் வேலையும் அதுவே. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் தோல்மேல் மெல்லிய படலமாகப் பரவி, நீர் ஆவியாவதைக் குறைக்கின்றன. வறண்ட முகத்தில் பூசினால் அவை எதைப் பூட்டும்? முகம் கழுவித் துண்டால் ஒற்றியதும், ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் கிளிசரினும் அந்த கிரீமில் இருந்தால் நல்லது. (ஏசிக் குழாயிலிருந்து வெளியே சொட்டும் தண்ணீர் உங்கள் அறைக் காற்றில் இருந்ததுதான். சென்னையில் இருந்துகொண்டே தோல் வறள்வது இதனால்தான்.)

படலம் காயும் முன்பே இன்னொன்றைப் போட்டுத் தேய்த்தால் அது உரிந்து உருளும். அதிகமாக அப்பினாலும் அப்படித்தான். பயறளவு எடுத்து, சில நிமிடம் விட்டு, சன்ஸ்கிரீனைத் தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். உருளவிட்டால் சன்ஸ்கிரீன் திட்டுத் திட்டாகி, பாதுகாப்பும் ஓட்டையாகும்.

799 ரூபாய் தகுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். நீரிழப்பைத் தடுப்பதில் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியை டைமெத்திகோனால் நெருங்கவே முடியாது. ஜெல்லி பிசுபிசுக்கும் என்பதால் நம் ஊர் வியர்வையில் பகலில் முகத்துக்கு ஆகாது. இரவில் உதட்டுக்கும் குதிகாலுக்கும் போதும். அடுத்த முறை வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் பாருங்கள். 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் இருக்கும். கிளிசரின் வாசனைப் பொருளுக்கும் கீழே கிடந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

திறந்து பூசிய கிரீமுக்குக் கடைக்காரர் பணம் தருவது கடினம். ஆனால் பேட்ச் எண், உற்பத்தி உரிம எண், காலாவதித் தேதி இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும், எம்.ஆர்.பி. மேல் அதிக விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் விடாதீர்கள். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.