பழைய பேப்பருக்குப் போன கண் ஃபைல்

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு கண்ணிலும் மைனஸ் 11 பவர், சிலிண்டர் 3. கருவிழி மெலிதாக இருப்பதால் அதை லேசரால் செதுக்கும் லேசிக் வேண்டாம், கண்ணுக்குள்ளேயே பொருத்தும் ஐசிஎல் லென்ஸ் வைக்கலாம் என்கிறார் டாக்டர். தை மாதம் எனக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்தபோது கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தேன். நான் கண்ணாடி போடுகிறவள் என்பது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. அதற்குள் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்கிறார் அம்மா. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது என் பழைய கண் ஃபைலைக்கூடப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். லென்ஸ் வைத்தால் வெளியே தெரியுமா அம்மா? தைரியமாகச் செய்துகொள்ளலாமா?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: வெளியே தெரியாது மகளே. கண்ணுக்கு நிறம் தரும் கதிராளிக்குப் பின்னால், உன் சொந்த லென்ஸுக்கு முன்னால் அதை வைப்பார்கள். கண்ணாடி முன் நின்று நீயே தேடினாலும் அகப்படாது.

ஆவணி பிறந்தால் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வரத் தொடங்கிவிடும். கண்ணாடியை மறைத்த கதை எல்லாவற்றிலும் இருக்கும். ஃபைலையே தூக்கிப் போட்ட கதையை இப்போதுதான் படிக்கிறேன். அதையும் வெள்ளையடித்த சமாசாரத்தோடு சேர்த்து ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறாய்.

அந்த ஃபைலில் என்ன இருந்தது என்று யோசித்தாயா? ஐசிஎல் வைக்கும் முன் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உன் பவர் ஒரு வருடமாவது அரைப் புள்ளிக்கு மேல் ஏறாமல் நின்றிருக்கிறதா என்பது. அதற்குச் சாட்சி அந்தப் பழைய சீட்டுகள்தான். உனக்குச் சிலிண்டர் 3 இருக்கிறது. அதனால் அந்தச் சிலிண்டர் பவரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸ் வேண்டியிருக்கும். அது சரியான கோணத்தில் உட்கார வேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் பார்வை கலங்கும், மறுபடி உள்ளே போய்த் திருப்பி வைக்க வேண்டி வரலாம். சிலிண்டர் எந்தக் கோணத்தில் இருந்தது, மாறியதா என்பதும் அந்தச் சீட்டுகளில் இருந்தது. விழித்திரையில் மெலிவோ ஓட்டையோ பார்த்து எப்போதாவது லேசர் போட்டிருந்தால் அதுவும் இருந்திருக்கும். ஒரு பெண்ணின் கண் சரித்திரத்தைக் கிலோக் கணக்கில் போட்டிருக்கிறார் உன் அம்மா, நீயும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

லென்ஸ் வைத்ததும் நோய் போய்விடும் என்று இரண்டு பேரும் நினைக்கிறீர்கள். போகாது. இவ்வளவு கிட்டப்பார்வை வருவதே பெரும்பாலும் கண் உருண்டை நீண்டு போவதால்தான். சாதாரணக் கண் சுமார் 24 மில்லிமீட்டர். மைனஸ் 11 உள்ள கண் பெரும்பாலும் 26-ஐத் தாண்டியிருக்கும். லென்ஸ் உன் பார்வையைத் திருத்தும், நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும். இழுபட்டு மெலிந்த விழித்திரை கிழியும் அபாயம் ஆபரேஷனுக்கு அப்புறமும் உன்கூடவே வரும்.

ஒரு ராத்திரி கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, கொசுக்கூட்டம் பறக்கிறது, ஒரு பக்கமிருந்து திரை இறங்குகிறது என்று வைத்துக்கொள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவர் உன் கணவர். அவரிடம் என்ன சொல்வாய்? முதலில் மறைத்த கதையைச் சொல்லி முடித்துவிட்டு, பிறகா வண்டியை எடுக்கச் சொல்வாய்? நாளை பிறக்கும் குழந்தைக்கும் இந்தக் கண் வர வாய்ப்புண்டு. சின்ன வயதிலேயே காட்ட வேண்டுமென்றால், ஏன் என்று அந்த வீட்டில் கேட்க மாட்டார்களா?

ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸின் எண்ணும் பவரும் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். வயதான காலத்தில் கண்புரை வந்தால் இந்த லென்ஸை எடுத்துவிட்டுத்தான் அதைச் செய்ய முடியும். அந்த டாக்டருக்கு அட்டை வேண்டும். அதை எந்த அலமாரியில் ஒளிப்பாய்?

உன் அம்மாவின் பயம் எனக்குத் தெரியும். "சோடாபுட்டி" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த பெண்ணின் அம்மா அவர். ஆனால் பெற்றவள் மகளின் கண்ணைக் காப்பாற்றத்தான் கடமைப்பட்டவள், வரனைக் காப்பாற்ற அல்ல. பத்துப் பொருத்தம் பார்த்தவர்களிடம் ஒரு கண்ணாடியைப் பற்றிச் சொல்லக் கூசினால் அந்தச் சம்பந்தம் எதன் மேல் நிற்கப் போகிறது? இதைக் கேட்டுப் பின்வாங்குகிற மாப்பிள்ளை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே போகட்டும். எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை.

ஐசிஎல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 21-இலிருந்து 45 வயதுக்குள், கண்ணின் முன்னறை ஆழம், அதாவது கருவிழிக்கும் உன் சொந்த லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடம், போதுமானதாக இருந்து, கருவிழியின் உள்பக்கச் செல்களும் நன்றாக இருந்தால் உன்னைப் போன்ற கண்ணுக்கு நல்ல வழிதான். இப்போது வரும் லென்ஸின் நடுவில் 0.36 மில்லிமீட்டர் துளை வைத்திருக்கிறார்கள், கண்ணுக்குள் ஊறும் உள்நீர் அதன் வழியே ஓடும். அப்படியும் கண்ணின் அழுத்தம் ஏறலாம், புரை வரலாம். வருடா வருடம் காட்ட வேண்டும். முகூர்த்த நாளை வைத்து இதற்குத் தேதி குறிக்காதே. அளவெடுக்கும் முன் கான்டாக்ட் லென்ஸைச் சில நாள், சில வாரம்கூடக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், டோரிக் லென்ஸ் உனக்கென்று வரவழைக்க நாளாகும், வைத்த பிறகு கண்ணைக் கசக்கக் கூடாது. இதற்கு நடுவே மையும் ஹோமப் புகையும் எதற்கு? கண்ணாடி போட்டே மணையில் உட்கார்.

மாப்பிள்ளைக்கு நீயே போன் செய்து சொல், அம்மா வழியாக வேண்டாம். பிறகு பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் உன் பதிவு எண்ணைச் சொல்லிப் பழைய குறிப்புகளின் நகல் கேள். எண் மறந்திருந்தால் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் தேடச் சொல். விழித்திரையையும் அன்றே காட்டிவிடு. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், தனியாகப் பஸ் ஏறாதே. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் பேசும்போது அவரும் உள்ளே வந்து உட்காரட்டும்.