துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் சீஸ் உருளைக்கிழங்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: யூட்டா மாநிலம் லீஹையில் இருக்கிறோம். எதிர்வீட்டுத் தாத்தா போன வாரம் காலமாகிவிட்டார். அவர்களுடைய சர்ச்சிலிருந்து ஒரு அம்மா வந்து, அடக்கம் முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு டிரே 'ஃபியூனரல் பொட்டேட்டோஸ்' செய்து தர முடியுமா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் அதைச் சாப்பிட்டதுகூட இல்லை. நாங்கள் சைவம். அதில் சிக்கன் சூப் ஊற்றுவார்கள் என்கிறார்களே, என்ன செய்வது?
— வாசகி, லீஹை

பதில்: சரி என்று சொன்னீர்களே, ரொம்ப நல்லது. நம் ஊரில் சாவு வீட்டில் அடுப்பெரியாது, அக்கம்பக்கமும் சம்பந்தி வீடும்தான் சாப்பாடு கொண்டு வரும். உங்கள் தெருவில் அந்த வேலையை மோர்மன் சபையின் பெண்கள் அமைப்பான ரிலீஃப் சொசைட்டி செய்கிறது. 1842-ல் இல்லினாய்ஸ் மாநிலம் நாவூவில் தொடங்கிய அமைப்பு அது. ஒவ்வொரு வட்டாரச் சபையிலும், அதை அவர்கள் வார்டு என்பார்கள், யார் ஹாம் கொண்டுவருவது, யார் பன் ரொட்டி, யார் சாலட், யார் ஜெல்லோ, யார் உருளைக்கிழங்கு என்று வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் வீட்டையும் சேர்த்திருக்கிறார்கள் என்றால் உங்களைத் தங்களில் ஒருவராக நினைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதனால் நன்றாகச் செய்துகொடுங்கள்.

செய்வது சுலபம். அவசரத்துக்குக் கைகொடுக்கவே உண்டான பண்டம் இது. எல்லாமே ஃப்ரீசரிலும் அலமாரியிலும் இருக்கும் சாமான்கள். வீட்டில் உணவுப்பொருள் சேமித்து வைக்கச் சொல்லும் சபை அது, அதனால் டின் சூப் இல்லாத வீட்டை அங்கே பார்ப்பது கடினம். யூட்டாவில் இதற்கு எவ்வளவு பெயர் என்றால், 2002-ல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது சட்டையில் குத்திக்கொள்ளும் நினைவுப் பின்களில் இந்த உருளைக்கிழங்குக்கும் ஒன்று இருந்தது.

9-க்கு 13 அங்குல டிரே ஒன்றுக்கு அளவு சொல்கிறேன், பக்க உணவாகப் பரிமாறினால் பன்னிரண்டு பேர் வரை சாப்பிடலாம். ஃப்ரோசன் ஹாஷ் பிரவுன், அதாவது வெட்டி உறையவைத்த உருளைக்கிழங்கு, 30 அவுன்ஸ் பை ஒன்று (சுமார் 850 கிராம்), துருவலாகவும் இருக்கலாம், சின்னச் சதுரமாகவும் இருக்கலாம். கன்டென்ஸ்டு சூப் (தண்ணீர் சேர்க்காத கெட்டி க்ரீம் சூப்) டின் ஒன்று. சவர் க்ரீம் (புளிக்கவைத்த க்ரீம்) 16 அவுன்ஸ். துருவிய செடார் சீஸ் 2 கப். உருக்கிய வெண்ணெய் அரை கப், பொடியாக நறுக்கிய வெங்காயம் அரை கப், உப்பு, மிளகுத்தூள். மேலே தூவ 2 கப் கார்ன் ஃப்ளேக்ஸைக் கையால் லேசாக நொறுக்கி, நாலு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெயில் பிசறிக்கொள்ளுங்கள்.

ஹாஷ் பிரவுனை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். உறைந்தபடியே போட்டால் உருகும் தண்ணீர் எல்லாம் டிரேயில் நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுவில் சொதசொதப்புதான். வெங்காயத்தை அந்த வெண்ணெயிலேயே ஐந்து நிமிடம் வதக்கிவிடுவது என் பழக்கம். பலர் பச்சையாகவே போடுவார்கள், எனக்கு அந்தப் பச்சை வாசம் பிடிக்காது. எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் கலந்து, வெண்ணெய் தடவிய டிரேயில் பரப்பி, கார்ன் ஃப்ளேக்ஸ் தூவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 45 முதல் 60 நிமிடம். ஓரத்தில் குமிழி வந்தால் மட்டும் போதாது, நடுவிலும் கொதிக்க வேண்டும். கலக்கும்போது உப்பைக் கடைசியில் போடுங்கள். சூப்பிலும் சீஸிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

இப்போது சைவ விஷயம். சிக்கன் சூப்புக்குப் பதில் காளான் சூப் ஊற்றுவது யூட்டாவிலேயே சாதாரணம், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். டின்னின் பின்பக்கம் மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். டின்னே வேண்டாம் என்றால் மூன்று டேபிள்ஸ்பூன் வெண்ணெயில் அதே அளவு மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, ஒரு கப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கெட்டியாகக் கிளறி, வதக்கிய காளானைச் சேர்த்தால் ஒரு டின்னுக்கு ஈடு. சீஸ் பாக்கெட்டில் வெறுமனே 'என்சைம்ஸ்' என்று போட்டிருந்தால் பாலைத் திரியவைக்கும் அந்த நொதி கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட்டா இல்லையா என்று தெரியாது. 'மைக்ரோபியல்' அல்லது 'வெஜிடபிள் ரென்னட்' என்று எழுதியதை வாங்குங்கள். சவர் க்ரீமிலும் சில வகைகளில், முக்கியமாகக் கொழுப்பு குறைத்தவற்றில், விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். முட்டை இந்தப் பண்டத்தில் கிடையவே கிடையாது.

கேள்வி: இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் மேலே எண்ணெய் மிதந்தது, உள்ளே பால் திரிந்த மாதிரி மணல் மணலாக இருந்தது. ஆரோக்கியத்துக்காகச் சவர் க்ரீமுக்குப் பதில் கொழுப்பில்லாத தயிர் சேர்த்தேன், அது காரணமா?
— வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: அதுதான் பாதிக் காரணம். கொழுப்பும் மாவுச்சத்தும்தான் பால் புரதத்தைச் சூட்டில் திரியவிடாமல் காப்பாற்றுகின்றன. கொழுப்பில்லாத தயிரில் முதலாவது இல்லை. முழுக் கொழுப்புச் சவர் க்ரீமைப் போடுங்கள். தயிர்தான் வேண்டும் என்றால் முழுக் கொழுப்புத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்தபின் ஒரு ஸ்பூன் சோள மாவு கலந்து சேருங்கள். டின் சூப்பை விட்டுவிட்டீர்களா என்று எழுதவில்லை. அதில் இருக்கும் மாவுதான் எல்லாவற்றையும் பிடித்து வைக்கிறது, அதை எடுத்துவிட்டுப் பால் மட்டும் ஊற்றினால் திரிவது உறுதி.

மற்றப் பாதி சீஸ். ரொம்ப நாள் பழுக்கவைத்த 'எக்ஸ்ட்ரா ஷார்ப்' செடார் ருசியில் முந்தும், ஆனால் சூடு ஏறினால் நெய்யைக் கக்கிவிடும். மைல்ட் அல்லது மீடியம் செடார் சீராக உருகும். பாதிக்குப் பாதி கலந்தால் ருசியும் நிற்கும். கடையில் துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள், அதனால் அது அவ்வளவு வழவழப்பாக உருகாது. கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள், ஐந்து நிமிட வேலை. சீக்கிரம் ஆகட்டும் என்று 425-ல் வைக்காதீர்கள், 350-ஐத் தாண்ட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். இது வருஷத்தில் சில நாள் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் பண்டம். இதை ஆரோக்கிய உணவாக மாற்றப் பாடுபடுவதைவிட, ஒரு கரண்டி குறைவாகப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிறைய சாலட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃப்ரோசன் பை எதற்கு, வீட்டில் பத்துப் பவுண்டு ரஸட் உருளைக்கிழங்கு மூட்டை இருக்கிறதே என்று பச்சையாகத் துருவிப் போட்டேன். ஒன்றேகால் மணி நேரம் ஓவனில் இருந்தும் நறுக் நறுக் என்றிருந்தது. நிறமும் கறுத்துவிட்டது.
— வாசகி, கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: உங்கள் ஓவனில் குறையில்லை. உருளைக்கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பில் அது லேசில் கரையாது. புளிக்குழம்பில் வேகாத கிழங்கைப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும் என்பது நம் சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். இங்கே புளிப்பு சவர் க்ரீமிலிருந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் வாங்கும் ஃப்ரோசன் ஹாஷ் பிரவுனைத் தொழிற்சாலையிலேயே வெந்நீரிலோ ஆவியிலோ அரைவேக்காடாக்கி விடுகிறார்கள். கறுப்பதும் அதனால் நிற்கிறது, ஏனென்றால் துருவிய கிழங்கு காற்றுப் பட்டுக் கறுக்கக் காரணமான நொதி சூட்டில் செத்துவிடும்.

புதுக் கிழங்கில் செய்ய வழி இருக்கிறது. ரஸட்டைத் தோலோடு முழுசாக வேகவையுங்கள், கத்தி கொஞ்சம் தடுத்து உள்ளே போகும் பக்குவத்தில் இறக்குங்கள், குழையக் கூடாது. இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் தோலை உரித்துப் பெரிய துளை உள்ள துருவியில் துருவினால் ஒட்டாமல், உதிரியாக, அழகாக விழும். சூடாக இருக்கும்போது துருவினால் மசியல்தான் கிடைக்கும். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட எடுத்தால் ஒரு டிரேக்குச் சரியாக இருக்கும். இப்படிச் செய்தது பையில் வருவதைவிட ருசியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் நாளை காலை அடக்கம், இன்று இரவுதான் சொல்கிறார்கள் என்றால் யோசிக்காமல் பையை வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்குப் பிரசவம் பார்க்க மதுரையிலிருந்து டென்வர் வந்திருக்கிறேன். மருமகனின் ஆபீஸில் பாட்லக் (ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்து), சீஸ் உருளைக்கிழங்கு செய்யலாம் என்கிறாள் மகள். எனக்கு இது உப்புச்சப்பில்லாமல் இருக்கிறது. பச்சை மிளகாய் கீறிப் போட்டு, கடுகு கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாமா?
— ஒரு அம்மா, டென்வர்

பதில்: ஆபீஸ் பாட்லக்தானே அம்மா, மிளகாய் தாராளமாகப் போடலாம். அந்தப் பக்கத்து ஊர்களிலேயே நியூ மெக்ஸிகோவின் ஹாட்ச் பச்சை மிளகாயைச் சுட்டு நறுக்கி இதில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். சுட்ட மிளகாய் டின்னிலும் கிடைக்கும், ஒரு சின்ன டின் போதும். விதை எடுத்த ஹாலப்பேன்யோ இரண்டை வெங்காயத்தோடு வதக்கியும் போடலாம். மிளகைப் புதிதாக, கொரகொரப்பாகப் பொடித்துக் கொஞ்சம் கூடவே போடுங்கள், அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்காது. தாளிப்பு வேண்டாம் என்பேன். கறிவேப்பிலை க்ரீமில் ஊறிச் சவசவ என்று ஆகிவிடும். கடுகும் சீஸும் ஒத்துப்போகும் என்றாலும் அதற்குக் கடுகு விழுது ஒரு டீஸ்பூன் கலந்தாலே போதும்.

துக்க வீட்டுக்குச் செய்வதாக இருந்தால் மட்டும் எந்தக் காரமும் வேண்டாம். பல்லில்லாத பெரியவர்களும் மூன்று வயதுக் குழந்தைகளும் ஒரே டிரேயிலிருந்து சாப்பிடுவார்கள். அழுது களைத்து வந்தவர்களுக்கு மெத்தென்று, சூடாக, பழகிய ருசியாக ஏதாவது தொண்டையில் இறங்கினால் போதும்.

கேள்வி: தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு அறுபது பேருக்குச் செய்ய வேண்டும். வீட்டில் ஒரே ஓவன், மண்டபம் முக்கால் மணி நேரப் பயணம். முந்தின நாளே செய்து வைக்கலாமா?
— வாசகர், ப்ளேனோ, டெக்சஸ்

பதில்: மற்ற பதார்த்தங்களும் இருக்கும் என்பதால் நான்கு டிரே தாராளம். ஒரே ஆழமான பெரிய டிரேயில் கொட்டாதீர்கள். ஓரம் தீய்ந்துபோகும், நடுப்பகுதி சூடே ஏறாது. முந்தின இரவு கலந்து பரப்பி, மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம், கார்ன் ஃப்ளேக்ஸை மட்டும் ஓவனில் வைக்கும் நிமிடத்தில் தூவுங்கள், இல்லாவிட்டால் காலைக்குள் நமத்துவிடும். குளிர்ந்த கண்ணாடி டிரேயை நேராகச் சூட்டு ஓவனுக்குள் தள்ளினால் விரிசல் விட வாய்ப்புண்டு, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஏற்றுங்கள், அல்லது அலுமினிய டிரே வாங்கிவிடுங்கள். அலுமினிய டிரேயைத் தூக்கும்போது அடியில் பேக்கிங் ஷீட் கட்டாயம் வேண்டும், வெறும் டிரே நடுவில் மடிந்து எல்லாம் தரையில் கொட்டிவிடும். இரண்டிரண்டாக ஓவனில் வைத்து, பாதி நேரத்தில் மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் மாற்றுங்கள், கால் மணி நேரம் கூடப் பிடிக்கும்.

பயணத்துக்கு ஐஸ் வைக்கும் கூலர் பெட்டிதான் சிறந்தது. உள்ளே வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, துடைத்து, ஃபாயிலால் மூடிய டிரேக்களைக் கனத்த துண்டுகளில் சுற்றி அடுக்குங்கள். ஃபாயிலை இறுக்கி மூடினால் மேலே உள்ள மொறுமொறுப்பு ஆவியில் போய்விடும், ஒரு மூலையைத் திறந்து விடுங்கள். மண்டபத்தில் ஓவன் இருந்தால் பத்து நிமிடம் காட்டினால் திரும்பிவிடும். பால் பண்டம் என்பதால் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஆறிய நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேஜையில் இருக்கக் கூடாது. மிச்சத்தை மறுநாள் சூடாக்கும்போது உள்ளே 165 டிகிரி வர வேண்டும்.

கேள்வி: மினசோட்டாக்காரர்கள் 'டேட்டர் டாட் ஹாட்டிஷ்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
— வாசகி, மினியாபொலிஸ்

பதில்: சொந்தக்காரர்கள், ஆனால் ஒன்றல்ல. ஹாட்டிஷ் முழுச் சாப்பாடு, அடியில் கொத்துக்கறி, காய்கறி, காளான் சூப், மேலே வரிசையாக டேட்டர் டாட். நம் பண்டம் பக்க உணவு, கறி கிடையாது, கிழங்குதான் உடம்பு முழுக்க. டேட்டர் டாட்டை 1953-ல் உருவாக்கியது ஓர்-ஐடா கம்பெனி. ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் வெட்டியபின் விழும் துண்டுகளை வீணாக்காமல் பொடித்து, மாவும் மசாலாவும் கலந்து உருட்டியதுதான் அது. சைவமாக வேண்டும் என்றால் கறிக்குப் பதில் வேகவைத்த மைசூர்ப் பருப்பும் காளானும் போட்டுப் பாருங்கள், நன்றாகவே வரும்.

கேள்வி: தோழிக்குக் கோதுமை ஆகாது. உருளைக்கிழங்குதானே, அவளுக்குக் கொடுக்கலாமா?
— வாசகி, சியாட்டில்

பதில்: வழக்கமான முறையில் செய்ததைக் கொடுக்காதீர்கள். டின் சூப்பில் கோதுமை மாவு இருக்கும். கார்ன் ஃப்ளேக்ஸ் சோளம்தான் என்றாலும் பெரும்பாலானவற்றில் பார்லி மால்ட் சேர்க்கிறார்கள், கோதுமையைப் போல அதிலும் க்ளூட்டன் என்ற புரதம் உண்டு. சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கிய வெள்ளை சாஸ், மேலே நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ், இரண்டையும் மாற்றினால் சரியாகிவிடும். ஹாஷ் பிரவுன் பையிலும் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று இருக்கிறதா பாருங்கள். அவளுக்கென்று சின்னப் பாத்திரத்தில் தனியாகச் செய்து, தனிக் கரண்டி போட்டு, என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.