புதுக் குதிரையைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பது: கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் குதிரை என்றால் பாதிப் பேருக்கு அய்யனார் கோயில் மண்குதிரைதான் முதலில் நினைவுக்கு வரும். அது எத்தனை வந்து சேர்ந்தாலும் வரிசையில் பேசாமல் நிற்கும். உயிர்க் குதிரை அப்படி நிற்காது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்ததும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும், "அண்ணே, வாங்கியாச்சு, அவிழ்த்து விடலாமா" என்று. தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. வந்த கேள்விகளை இங்கே போட்டுப் பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மார்வாரி இனப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். வீட்டில் ஏற்கெனவே மூன்று நிற்கின்றன. லாரியிலிருந்து இறக்கியதும் ஒன்றாக விட்டால், சண்டை போட்டு அதுகளே சரியாகிவிடும் என்று அப்பா சொல்கிறார். விடலாமா?

விடாதீர்கள் தம்பி. சண்டைக்குப் பயந்து சொல்லவில்லை. சந்தையில் அது எந்தக் குதிரையோடு மூக்கை உரசியது, எந்தத் தொட்டியில் தண்ணீர் குடித்தது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஸ்ட்ராங்கிள்ஸ் என்று ஒரு நோய், முதலில் காய்ச்சல் வரும், அப்புறம் தாடைக்கு அடியில் கட்டி, மூக்கில் கெட்டிச் சளி. தொற்றி 3 நாளிலும் காட்டலாம், 14 நாள் கழித்தும் காட்டலாம், அதுவரை குதிரை நன்றாகத்தான் இருக்கும். அதனால் குறைந்தது மூன்று வாரம் தனியாக வையுங்கள். காலையும் மாலையும் வெப்பமானி வைத்துப் பாருங்கள், வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101.5 பாரன்ஹீட் வரை சரி, அதைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கிளாண்டர்ஸ் இதைவிட மோசம். மனிதனுக்கும் தொற்றும், 2009-ஆம் வருடச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். ரத்த மாதிரியை ஹிசாரில் இருக்கும் தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் வரை அனுப்பிப் பார்க்கிற விஷயம் இது. பரிசோதனைச் சீட்டு இல்லாமல் விலை குறைத்துக் கொடுக்கிறார்கள் என்றால் ஏன் குறைகிறது என்று கேளுங்கள். இந்த மூன்று வாரத்தில் டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அடுத்து கடியும் உதையும் வரத்தான் போகிறது, குதிரைக்கு அந்த நோய் மாட்டைவிடச் சுலபமாக வரும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தால் மறுநாளே மேய்ச்சலுக்கு விடாமல் இரண்டு மூன்று நாள் லத்தியை அள்ளித் தனியாகக் குவியுங்கள்.

அப்பாவிடம் சண்டையைப் பற்றிப் பேச வேண்டாம், காய்ச்சலைப் பற்றிப் பேசுங்கள். கேட்டுக்கொள்வார்.

அதே தம்பி: தனிக் கொட்டகை இல்லையே அண்ணே, மாட்டுக் கொட்டகையில் ஓரமாகக் கட்டலாமா?

வேண்டாம். சர்ரா என்கிற ரத்த நோயை ஈக்கள் பரப்பும், பெரிய ஈ இருக்குமே, கடித்தால் ரத்தம் வருமே, அதுதான். மாடு அந்தக் கிருமியை வைத்துக்கொண்டு சும்மா நிற்கும், குதிரைக்கு வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்து, அடிவயிறும் காலும் வீங்கி, எலும்பாகிவிடும். தோப்பின் மறுகோடியில் நாலு கம்பு நட்டு ஓலை போட்டாலும் போதும். வாளி, பிரஷ், கயிறு எல்லாம் தனி. பழைய குதிரைகளுக்கு வேலை முடித்த பிறகுதான் புதுசுக்குப் போக வேண்டும், திரும்பி வரும்போது கை கால் கழுவிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மாட்டுத் தீவன மூட்டை பக்கத்தில் இருக்கிறதே என்று ஒரு சட்டி அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சில கால்நடை, கோழித் தீவனங்களில் மொனென்சின் என்கிற மருந்தைச் சேர்ப்பார்கள், மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரைக்கு இதயத்தைப் பாதித்துக் கொன்றுவிடும். மூட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்: பேரன் மட்டக்குதிரை ஒன்று வாங்கி வந்திருக்கிறான். தனியாக வைத்திருந்த நாள் முடிந்து இப்போது வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கட்டியிருக்கிறான். மூக்கோடு மூக்கு வைத்ததும் வீல் என்று கத்துகின்றன, முன்காலால் தரையை அடிக்கின்றன. எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இது சரிதானா?

சரிதான் ஆச்சி, பயப்படாதீர்கள். மூக்கில் மூச்சு விட்டு மோந்து பார்ப்பது, கத்துவது, முன்காலை வீசுவது, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்ப்பது, இதெல்லாம் விசாரிப்பு. நாம் "எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்கிற மாதிரி. கத்திவிட்டு ஒன்று திரும்பிப் புல் தின்னப் போனால் நல்ல சேதி.

ஆனால் கட்டியிருக்கிறான் என்கிறீர்களே, அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கட்டிய குதிரைக்கு விலகிப் போக வழியில்லை, கயிறு காலில் சுற்றும். இரண்டையும் அவிழ்த்து நடுவில் வேலி இருக்க வேண்டும், அந்த வேலியும் முள்கம்பியாக இருக்கக் கூடாது. நம் பக்கம் எங்கே பார்த்தாலும் முள்கம்பியும் சீமைக்கருவேல முள்ளும்தான், முன்காலை வீசும்போது அதில் மாட்டினால் தோல் உரிந்து தொங்கும். மரச்சட்டம் போடுங்கள், கால் நுழைந்து சிக்காத இடைவெளியில். இப்படி ஒரு வாரம் இருக்கட்டும். வேலியோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று தூங்க ஆரம்பித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

கானாடுகாத்தானிலிருந்து: பெரிய வீடு, பின்கட்டு தாண்டி அடுத்த தெரு வரை மதில் சூழ்ந்த இடம் இருக்கிறது. தோப்பில் விட்டால் ஓடிவிடும் என்று பயம். மதிலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் பாதுகாப்புதானே?

நமக்குப் பாதுகாப்பு, குதிரைக்கு இல்லை. இந்த முழுப் பதிவில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் இதைச் சொல்வேன்: காயம் வருவது பெரும்பாலும் மூலையில்தான். ஒரு குதிரை இன்னொன்றைத் துரத்தும், துரத்தப்பட்டது விலகிப் போனால் கதை முடிந்தது, துரத்தியது பாதியிலேயே நின்றுவிடும், அதற்கு வேண்டியது "நகர்" என்றால் நகர வேண்டும், அவ்வளவுதான். நகர இடமில்லாமல் மூலையில் மாட்டினால் மாட்டியது திரும்பி நின்று பின்காலால் உதைக்கும், துரத்தியது விடாது. உங்கள் மதிலுக்கு நாலு மூலை. கிணற்றடி, துவைகல், பழைய கொட்டகைச் சுவர், அது அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தரையில் கல் பாவியிருந்தால் லாடம் வழுக்கும், ஓடுகிற வேகத்தில் இடுப்பு போய்விடும்.

தோப்புதான் நல்லது. தென்னை, மா எதுவானாலும் மரத்தைச் சுற்றி ஓட முடியும், ஒன்றின் பார்வையிலிருந்து இன்னொன்று மறைய முடியும். மூலைகளில் குறுக்காகக் கம்பு கட்டி வளைத்துவிடுங்கள், குதிரை உள்ளே போய் மாட்டாமல் திரும்பி வரும். முதல் நாள் புதுக் குதிரையை மட்டும் தனியாக விட்டு வேலி எங்கே, தண்ணீர் எங்கே என்று சுற்றிப் பார்க்க விடுங்கள். வேலிக்கு அரளி வைத்திருக்கிறீர்களா? வெட்டி எறியுங்கள், காய்ந்த இலையும் விஷம்தான். வெட்டியதைக் குதிரை எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

திருப்பத்தூர், நம்ம சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்: நாலு குதிரை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரம் விடுவதா, ஒவ்வொன்றாகவா?

ஒவ்வொன்றாக. முதல் கூட்டாளியாக யாரை விடுகிறோம் என்பதில்தான் பாதி வேலை. அதிகாரம் பண்ணுகிற குதிரை வேண்டாம். எல்லாரிடமும் அடி வாங்குகிற குதிரையும் வேண்டாம், அது இப்போதுதான் நமக்குக் கீழே ஒருத்தன் வந்தான் என்று புதுசைப் போட்டுப் பார்க்கும். நடுவில் யாரோடும் வம்பு வைத்துக்கொள்ளாத ஒன்று எல்லாக் கூட்டத்திலும் இருக்கும், அதோடு இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிடரிக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ள ஆரம்பித்தால் ஜோடி சேர்ந்துவிட்டது. அப்புறம் அடுத்தது, அதிகாரி கடைசியில். அப்போது புதுசுக்கு ஏற்கெனவே ஒரு துணை இருக்கும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியவை: பின்கால் லாடம் எல்லாவற்றுக்கும் கழற்றிவிடுங்கள், லாடம் கட்டுகிறவரை இரண்டு நாள் முன்பே வரச் சொல்லிவிடுங்கள். முகக்கயிறும் வேண்டாம், கிளையில் மாட்டும். வயிறு நிறைய வைக்கோலோ புல்லோ தின்ற பிறகு, விடிகாலை வெயில் ஏறும் முன் விடுங்கள். சாயங்காலம் விட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போகக் கூடாது.

புதுவயல்: நல்ல நாள் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பாருங்கள், தடை இல்லை. கூடவே வானத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் வழுக்கும், அந்த நாள் எவ்வளவு நல்ல நாளாக இருந்தாலும் வேண்டாம்.

காளையார்கோவில்: பந்தய வண்டியில் ஓடிய குதிரை. சின்னதிலிருந்தே தனியாகக் கட்டி வளர்த்தது. கூட்டத்தில் விட்டால் மற்ற குதிரை காதை மடக்கினாலும் புரியாமல் போய் இடிக்கிறது, உதை வாங்குகிறது. முட்டாள் குதிரையா?

முட்டாள் இல்லை, பழக்கிவிட ஆள் இல்லாமல் வளர்ந்தது. குட்டியாக இருக்கும்போது பெரியவைகளிடம் போய் வாயைத் திறந்து திறந்து மூடும், "நான் சின்னவன், அடிக்காதே" என்று அர்த்தம். காதை மடக்கினால் விலகு, பின்பக்கத்தைத் திருப்பினால் ஓடு, இதெல்லாம் கூட்டத்தில் இருந்து கற்றுக்கொள்வது. இதற்கு வேலியோரக் காலத்தை இரண்டு மடங்காக்குங்கள். வயதான, பொறுமையான பெட்டை ஒன்றோடு மட்டும் பல வாரம் விடுங்கள். அந்தப் பெட்டை கடிக்கும், கடிக்கட்டும், அளவாகத்தான் கடிக்கும். மார்வாரியானால் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும், பின்னால் மடக்கினால் நமக்கே தூரத்திலிருந்து தெரியும். உங்கள் குதிரை அதைக் கவனிக்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

கோட்டையூர்: காயடித்து இரண்டு வாரம் ஆன குதிரை. பெட்டைகளோடு விடலாமா?

இப்போது வேண்டாம். காயடித்த அன்றே பொலிகுதிரைத்தனம் போய்விடாது, சினைப்படுத்தவும் கொஞ்ச நாள் முடியும். குறைந்தது ஆறு வாரம் போகட்டும், காயமும் முழுசாக ஆறட்டும். காயடிக்காத குதிரை என்றால் கூட்டத்தில் சேர்க்கிற பேச்சே வேண்டாம். சினை முற்றிய பெட்டையோ சின்னக் குட்டியோ கூட்டத்தில் இருந்தாலும் புதுசைத் தள்ளி வையுங்கள், குட்டிக்காரி யாரையும் விட மாட்டாள்.

கண்டனூர்: தீனி வைக்கும் நேரத்தில்தான் சண்டையே வருகிறது. என்ன செய்ய?

நாலு குதிரைக்கு ஐந்து குவியல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் முப்பது அடியாவது இருக்கட்டும், வரிசையாக இல்லாமல் வட்டமாகப் போடுங்கள். ஒன்று வந்து துரத்தினால் துரத்தப்பட்டது அடுத்த குவியலுக்குப் போகும். தண்ணீர்த் தொட்டி இரண்டு, ஒன்றைச் சுவரோரம் வைக்காதீர்கள். கொள்ளு, தவிடு, கம்பு எல்லாம் கூட்டத்தில் வைக்கவே வேண்டாம், தனித்தனியாகப் பிடித்துக் கட்டிக் கொடுங்கள். கையில் ரொட்டி, வெல்லம் வைத்துக்கொண்டு நடுவில் போய் நிற்கிறவர்களும் உண்டு, உதை அவர்களுக்குத்தான் விழும். புதுசுக்குப் பழைய வீட்டுத் தீனியிலிருந்து உங்கள் தீனிக்கு மாற்ற ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து. ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி உயிர் போகிற விஷயம்.

கல்லல்: எப்போது குறுக்கே போய்ப் பிரிக்க வேண்டும்? எல்லாரும் "விடு, விடு" என்கிறார்கள், ஆனால் பயமாக இருக்கிறது.

துரத்தி, நின்று, மேய்ந்து, மறுபடி துரத்தினால் விடலாம். தோலில் முடி போன பல் தடம் இருந்தாலும் விடலாம். துரத்துகிறது நிற்கவே இல்லை, புதுசு தண்ணீர்ப் பக்கம்கூட வர முடியவில்லை, வியர்த்து மூச்சு வாங்குகிறது, வேலியைத் தாண்டப் பார்க்கிறது, இரண்டு சேர்ந்து ஒன்றை மூலைக்குத் தள்ளுகின்றன என்றால் பிரியுங்கள். பிரிக்கிறேன் என்று நடுவில் ஓடாதீர்கள். வெளியே நின்று தீனி வாளியைத் தட்டுங்கள், துரத்துகிற குதிரையைப் பிடித்து வெளியே கொண்டு போங்கள். புதுசை வெளியேற்றாதீர்கள், அதற்கு இடம் பழக வேண்டும். ஆழமான காயம், நொண்டல், மூட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை மாதிரி காயம் எது இருந்தாலும் 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். மூட்டுக்காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே சீழ் பிடித்தால் கால் போய்விடும்.

மறுபடி தேவகோட்டை, வேறொருவர்: சேர்த்து ஒரு மாதம் ஆகிறது, சண்டையே இல்லை. ஆனால் எங்கள் பழைய கிழட்டுக் குதிரை இளைத்துக்கொண்டே போகிறது. புதுசோ நன்றாகக் கொழுத்திருக்கிறது.

சண்டை இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறோம். இங்கே நடந்தது, கிழவன் போட்டியிலிருந்து விலகிவிட்டான். புதுசு ஒரு பார்வை பார்த்தாலே அவன் குவியலை விட்டுத் தள்ளிப் போயிருப்பான், சத்தம் இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கத் தூரத்தில் உட்கார்ந்து, யார் வந்தால் யார் நகர்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். முதலில் மருத்துவரைக் கூப்பிட்டு அவன் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், வயதான குதிரைக்குப் பல் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், தின்ன முடியாமல் புல்லை உருட்டித் துப்பும். சர்ராவுக்கு ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள், இளைப்புக்கு அதுவும் காரணமாகலாம். இரண்டும் இல்லை என்றால் ராத்திரி அவனையும் அவனோடு ஒத்துப்போகிற ஒன்றையும் தனித் தடுப்பில் விட்டு, அங்கேயே முழுத் தீனியும் வையுங்கள். பகலில் கூட்டத்தோடு இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை விலாவைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணால் பார்த்தால் முடி ஏமாற்றும்.