சிறுநீரக மாற்றுக்குப் பின் தோட்ட வேலை செய்யலாமா?

மாற்று அறுவை முடிந்து மூன்று மாதம், ஏற்காட்டு வீட்டு ரோஜாத் தோட்டத்தில் இறங்கலாமா என்று கேட்கிறீர்கள். பொறுங்கள். முதல் 6 மாதம் எதிர்ப்புச் சக்தியை மருந்துகள் வெகுவாக அடக்கியிருக்கும்.

பயப்பட வேண்டியது செடிக்கல்ல, மக்கிய எருவுக்கு. கிளறினால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் நுரையீரலுக்குள் போகும். அந்த வேலையை நிரந்தரமாகவே வேறொருவரிடம் விடுங்கள்.

மருத்துவர் சம்மதித்தபின் கவாத்து, நடவு செய்யலாம். என்95 முகக்கவசம், தோல் கையுறை, மூடிய காலணி அவசியம். காய்ந்த மண்ணை முதலில் நனையுங்கள். ரோஜா முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சில வாரம் கழித்து அங்கே கட்டி எழும்பினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

மலைக்குளிரை நம்பி வெயிலில் நிற்காதீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளால் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடும். முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் வேண்டும். தோட்டத்தில் பம்ப்ளிமாஸ் காய்த்தால் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடுங்கள்: அந்த மருந்துகளில் ஒன்றான டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் அது ஏற்றிவிடும்.